கரும் பீரும் கலால் கணக்கும்

புதுதில்லி: சிக்கமகளூரு காபிக்கொட்டையைச் சேர்த்து பெங்களூருவில் ஒரு சிறு ஆலை தயாரிக்கும் கருநிற "ஸ்டவுட்" பீரை, சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒசூருக்குக் கொண்டுவந்து விற்க முடியாது. தயாரான கூடத்திலேயே விற்பனையும் நடைபெற வேண்டும் என்பதுதான் இத்தகைய ஆலைகளுக்கு வழங்கப்படும் உரிமத்தின் அடிப்படை. குருகிராமில் தயாராகும் கரும் பீருக்கும் இதே நிலைதான். மெட்ரோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தலைநகருக்கு வந்துவிடலாம். பீர் வர முடியாது.

எனவே, இந்தியாவில் தயாராகும் கரும் பீர்களைச் சுவைத்து ஒப்பிட விரும்பும் ஒருவர் ஒரே மேஜையில் அமர்ந்து அதைச் செய்துவிட இயலாது. பெங்களூரு, புணே, மும்பை, குருகிராம் என ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஊரிலும் வரி வேறு, வயது வரம்பு வேறு, உரிமக் கட்டணம் வேறு. ஒரு கோப்பைக்குள் என்ன ஊற்றப்படுகிறது என்பதைத் தயாரிப்பாளரின் கைத்திறன் பாதியும், மாநிலத் தலைமைச் செயலகத்தின் கோப்பு பாதியும் தீர்மானிக்கின்றன.

வறுத்த தானியத்தின் நிறம்

பீரின் கருமைக்குச் சாயம் காரணமல்ல. பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்டி, வெப்பத்தில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். மிதமான வெப்பத்தில் உலர்த்திய மால்ட், வைக்கோல் நிற பீரைத் தருகிறது. அதே தானியத்தைக் காபிக்கொட்டை போல 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வறுத்தெடுத்தால் கருமையும், கசப்பும், கோகோ மணமும் வந்து சேர்கின்றன. மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கு வறுத்த பார்லி இருந்தாலே போதும். பீர் முழுவதும் கறுத்துவிடும்.

இந்த வறுப்பு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு நிற பீருக்குப் "போர்ட்டர்" என்று பெயர் வந்தது. அதில் சற்றுத் திடமான வகை "ஸ்டவுட் போர்ட்டர்" எனப்பட்டது. பின்னர் ஸ்டவுட் என்ற சொல் மட்டும் நிலைத்துவிட்டது. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் உருளையில் இட்டு மால்ட்டை வறுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றைய கரும் பீரின் நிறம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டப்ளினில் 1759-இல் ஆர்தர் கின்னஸ் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்த ஆலை இந்த வகையை உலகெங்கும் கொண்டு சென்றது.

டப்ளின் இதற்கு ஏற்ற ஊரானதற்கு அதன் தண்ணீரும் ஒரு காரணம். வறுத்த மால்ட்டில் புளிப்புத் தன்மை மிகுதி. கார்பனேட் உப்புகள் நிறைந்த கடின நீர் அந்தப் புளிப்பைச் சமன் செய்கிறது. இந்திய நகரங்களில் உள்ள சிறு ஆலைகள் நீரை முதலில் சுத்திகரித்து, பின்னர் தேவையான உப்புகளை அளவோடு சேர்த்து இந்தச் சமநிலையை உருவாக்குகின்றன.

ஒரே நிறம், வெவ்வேறு சுவை

கரும் பீர்கள் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது, டிகாக்ஷனும் சுக்குக் காப்பியும் ஒன்று என்பதற்குச் சமம். உலர் ஸ்டவுட் எனப்படும் ஐரிஷ் வகையில் இனிப்பு அநேகமாக இருக்காது. பாலும் சர்க்கரையும் சேர்க்காத டிகாக்ஷனின் கசப்பு நாவின் அடிப்பகுதியில் தங்கும். அதன் வெண்மையான, கெட்டியான நுரைக்குக் காரணம், கரியமில வாயுவோடு நைட்ரஜனும் சேர்த்து ஊற்றப்படுவது.

பால் ஸ்டவுட் என்ற வகையில் சேர்வது பால் அல்ல; பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. பீருக்கான ஈஸ்ட் அதைச் செரிக்காது என்பதால் அந்த இனிப்பு அப்படியே கோப்பைவரை வந்து சேரும். ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட்டில் இனிப்பைவிட வழவழப்பே முக்கியம். காபி ஸ்டவுட்டைப் புதிதாக இருக்கும்போதே குடிக்க வேண்டும். வாரங்கள் கடந்தால் காபி மணம் மங்கி, குடைமிளகாயை நினைவூட்டும் பச்சை வாசம் தலைகாட்டும். காபித் தோட்டங்களுக்கு அருகில் இருப்பது பெங்களூரு ஆலைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு.

போர்ட்டரில் வறுப்பின் கசப்பு குறைவு. சாக்லேட், வெல்லப்பாகு போன்ற குணம் மிகுதி. புணேயின் இண்டிபெண்டன்ஸ் நிறுவனம் "இக்ஸ்ககாவ்" என்ற பெயரில் கோகோ சேர்த்த போர்ட்டரைத் தயாரித்துப் பெயர் பெற்றது. ஜெர்மானிய "டுங்கெல்" கறுப்பைவிடப் பழுப்புக்கு நெருக்கமானது. சுடச்சுட எடுத்த ரொட்டியின் மேல்தோல் மணம் அதன் அடையாளம். பெங்களூருவின் கைஸ்ட் நிறுவனம் டுங்கெல், ஸ்டவுட் இரண்டையும் தயாரித்திருப்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அடுத்தடுத்து வைத்து அறிய அங்கே வழி உண்டு. பெங்களூரு டாய்ட் ஆலையின் "டார்க் நைட்" நகரின் பழைய கரும் பீர்களுள் ஒன்று. புட்டியில் அடைத்து விற்கும் முயற்சி சத்தீஸ்கரிலிருந்து வந்தது. 2016-இல் தொடங்கப்பட்ட சிம்பா நிறுவனம், லாகர் மட்டுமே விற்கும் என்று கருதப்பட்ட சந்தையில் ஸ்டவுட்டையும் இறக்கியது.

"ஷ்வார்ட்ஸ்பியர்" என்ற ஜெர்மானிய கறுப்பு லாகர் கண்ணை ஏமாற்றும் வகை. பார்வைக்கு மை போலக் கறுத்திருக்கும்; குடித்தால் சாதாரண லாகரைப் போல இலகுவாக இறங்கும். கருமை என்றால் போதை அதிகம் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது சான்று. உலகப் புகழ் பெற்ற கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதம் மட்டுமே. இந்தியக் கடைகளில் "ஸ்ட்ராங்" என்ற முத்திரையோடு விற்கும் மஞ்சள் நிற பீரில் அது 8 சதம் வரை செல்லலாம். ஸ்டவுட் உடலுக்கு வலுவூட்டும் என்று ஒரு காலத்தில் பிரிட்டனில் விளம்பரம் செய்யப்பட்டது. பிரசவித்த பெண்களுக்குக்கூட அது பரிந்துரைக்கப்பட்டது. மருத்துவம் அந்த நம்பிக்கையைக் கைவிட்டு வெகுகாலமாகிறது.

குளிர்ச்சி மறைக்கும் குறை

சுவைத்து ஒப்பிடுவதற்கும் முறை உண்டு. இளநிறத்தில் தொடங்கி கருநிறத்துக்கும், குறைந்த ஆல்கஹாலில் தொடங்கி மிகுந்ததற்கும் செல்ல வேண்டும். தலைகீழாகச் சென்றால் முதல் கோப்பையின் வறுப்பு மற்றவற்றை விழுங்கிவிடும். ஒவ்வொன்றிலும் சில மிடறுகளே போதும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் அவசியம். நிறம், நுரை, மணம், நாவில் உணரும் கனம், விழுங்கிய பின் தங்கும் சுவை என்ற வரிசையில் குறிப்பெடுப்பது நடுவர்களின் வழக்கம்.

வெப்பநிலை இதில் முக்கியமானது. பனிக்கட்டிக் குளிர்ச்சியில் ஊற்றினால் நாக்கு மரத்துவிடும். ஸ்டவுட்டுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் போதுமானது. கடுங்குளிர்ச்சி சுவையோடு குறைகளையும் மறைத்துவிடுகிறது. வெண்ணெய் வாசம் வந்தால் நொதித்தல் முடியும் முன்பே பீரை எடுத்துவிட்டார்கள் என்று ஊகிக்கலாம். பச்சை ஆப்பிள் வாசமும் அவசரத்தின் அறிகுறிதான். காடி நெடி வந்தால் குழாயிலோ தொட்டியிலோ சுத்தம் போதவில்லை. சாம்பலை நக்கியது போன்ற துவர்ப்பு, கருகிய மால்ட் அளவு மீறியதைக் காட்டும். வறுப்பின் கசப்பு இத்தகைய சில குறைகளை மூடி மறைத்துவிடும் என்பதால், ஓர் ஆலையின் தரத்தை அறிய ஸ்டவுட்டை மட்டும் குடித்துப் பார்ப்பது போதாது. அங்குள்ள இளநிற லாகரையும் சுவைக்க வேண்டும் என்பது தேர்ந்தவர்கள் கூறும் விதி.

கம்பெனிச் சிப்பாயின் கோப்பை

இந்தியாவுக்குக் கரும் பீர் புதிதல்ல. "இந்தியா பேல் ஏல்" என்ற இளநிற பீர்தான் காலனி ஆட்சியின் அடையாளமாகப் பேசப்படுகிறது. அது பெரும்பாலும் அதிகாரிகளும் வணிகர்களும் குடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண ஐரோப்பியச் சிப்பாய்க்குப் போனது போர்ட்டர். பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அது சென்னை, கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களில் இறக்கப்பட்டது.

கப்பல் செலவைத் தவிர்க்க மலை ஊர்களில் ஆலைகள் எழுந்தன. இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் 1855-இல் எட்வர்ட் டயர் தொடங்கிய ஆலை, பின்னர் சோலனுக்கு விரிந்தது. 1919-இல் ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்ட ரெஜினால்ட் டயர், அந்த ஆலை அதிபரின் மகன். 1949-இல் நிறுவனம் என்.என்.மோகனின் கைக்கு வந்து, பிற்காலத்தில் மோகன் மீகின் ஆனது. தெற்கே நீலகிரியில் 1857-இல் கேசில் ஆலை தொடங்கியது. நீலகிரி, பெங்களூரு, சென்னை ஆகிய இடங்களில் இருந்த ஆலைகளை இணைத்து 1915-இல் தாமஸ் லீஷ்மன் உருவாக்கியதுதான் யுனைடெட் புருவரீஸ். அதை விடுதலைக்குப் பின் விட்டல் மல்லையா வளர்த்தெடுத்தார்.

ஆனால், அதற்குள் உலகின் நாக்கு மாறிவிட்டது. 1842-இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்த பொன்னிற லாகர், குளிர்பதன இயந்திரத்தின் துணையோடு எங்கும் பரவியது. இந்தியாவிலும் கரும் பீர் மறைந்தது. வெப்ப நாட்டில் யார் ஸ்டவுட் குடிப்பார்கள் என்று கேட்பது இப்போதும் உண்டு. நைஜீரியா கின்னஸின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று, ஜமைக்காவுக்கு எனத் தனி ஸ்டவுட் இருக்கிறது, இலங்கையில் 8.8 சதம் ஆல்கஹால் கொண்ட லயன் ஸ்டவுட், பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சனின் பாராட்டால் உலகப் பெயர் பெற்றது. வெப்பத்தைவிட வரியும் வணிகமும்தான் இந்தியாவில் அதை அகற்றின என்று கொள்வதே பொருத்தம்.

மாநிலப் பட்டியலின் எட்டாவது இனம்

சிறு ஆலைகளின் காலம் 2008-இல் ஹரியாணாவில் தொடங்கியது. குருகிராமில் (அன்றைய குர்காவ்) ஓர் ஓட்டலில் நாட்டின் முதல் சிறு பீர் ஆலைகளுள் ஒன்று திறக்கப்பட்டது. 2009-இல் புணேயில் டூலாலி வந்தது. அதைத் தொடர்ந்து கர்நாடகம் விதிகளை வகுக்க, சில ஆண்டுகளில் பெங்களூரு நாட்டின் பீர் தலைநகராக மாறியது. தகவல் தொழில்நுட்பத் துறையின் ஊதியமும், ஆண்டு முழுவதும் நிலவும் மிதமான தட்பவெப்பமும் அதற்குத் துணை நின்றன.

எங்கே வளரும், எங்கே வளராது என்பதை அரசியல் சட்டம் தீர்மானிக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் எட்டாவது இனம், போதையூட்டும் மதுவின் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து, விற்பனை அனைத்தையும் மாநிலங்களிடம் ஒப்படைக்கிறது. 51-ஆவது இனம் அதன் மீதான கலால் வரியைத் தருகிறது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. ஒரே ஆவணம் வருவாயையும் தருகிறது, அந்த வருவாயைக் கைவிடுமாறும் அறிவுறுத்துகிறது. மது வணிகம் செய்வது அடிப்படை உரிமை ஆகாது என்று 1994-இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மனிதர் அருந்தும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு ஆகியவற்றோடு மதுவும் மாநிலங்கள் தாமே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய கடைசி வருவாய்களில் ஒன்றாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹாலும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்து அந்தப் பிடியை மேலும் வலுப்படுத்தியது. நிதிப் பகிர்வில் தில்லியோடு வாதாடும் மாநிலங்கள் இதை எளிதில் விட்டுத்தர மாட்டா.

விளைவு கோப்பையில் தெரிகிறது. குஜராத்தில் மாநிலம் உருவான 1960 முதல் மதுவிலக்கு. பிகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. ஹரியாணா மது அருந்தும் வயதை 2021-இல் 25-லிருந்து 21 ஆகக் குறைத்தது. கர்நாடகம் 2023 பட்ஜெட்டில் பீர் மீதான கூடுதல் கலால் வரியை 175 சதத்திலிருந்து 185 சதமாக உயர்த்தியது. தமிழகத்தைச் சேர்ந்த வழக்குரைஞர் கே.பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது குருகிராமில் பல கூடங்கள் மூடப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கம் அந்த ஆண்டு ஜூலையில் வந்தது.

2020 ஊரடங்கு சிறு ஆலைகளின் பலவீனத்தை வெளிச்சமிட்டது. பதப்படுத்தப்படாத பீர் நீண்ட நாள் தாங்காது. வெளியே எடுத்துச் செல்லவும் அனுமதி இல்லை. ஆயிரக்கணக்கான லிட்டர் பீர் சாக்கடையில் கொட்டப்பட்டது. அதன் பிறகே கர்நாடகமும் மகாராஷ்டிரமும் புட்டிகளில் நிரப்பி எடுத்துச் செல்ல வழிவிட்டன.

மத்திய அரசின் பங்கு தர நிர்ணயத்தோடு நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான விதிகள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. பீரில் ஆல்கஹால் 8 சதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் ரஷிய அரசவைக்காக லண்டனில் தயாரான "இம்பீரியல் ஸ்டவுட்" என்ற வகை பொதுவாக அந்த எல்லைக்கு மேல்தான் தொடங்குகிறது. எனவே, அதன் இலக்கண வடிவை இந்தியாவில் பீர் என்ற பெயரில் தயாரிக்க இயலாது.

தில்லியின் தயக்கம்

தலைநகரின் கதை தனி. தில்லி அரசு 2021 நவம்பரில் கொண்டுவந்த புதிய கலால் கொள்கை, சில்லறை விற்பனையை முழுமையாகத் தனியாருக்கு விட்டது. சிறு பீர் ஆலைகளுக்கும் இடமளித்தது. முறைகேடு புகார்கள் எழுந்ததும் கொள்கை திரும்பப் பெறப்பட்டு, 2022 செப்டம்பர் 1 முதல் பழைய முறை திரும்பியது. துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா 2023 பிப்ரவரியிலும், முதல்வராக இருந்த அரவிந்த் கேஜரிவால் 2024 மார்ச்சிலும் கைது செய்யப்பட்டனர். பின்னர் 2024-இல் இருவருக்கும் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. ஓர் ஆட்சியையே உலுக்கிய கோப்பை மீண்டும் திறக்க அதிகாரிகள் தயங்குவதில் வியப்பில்லை. கரும் பீர் தேடும் தில்லிவாசி இன்னும் மெட்ரோவில் ஹரியாணா எல்லையைக் கடக்கிறார்.

வயலும் மருத்துவமனையும்

இந்தக் கணக்கில் இருவர் விடுபடுகின்றனர். ஒருவர் விவசாயி. நாட்டில் பார்லி சாகுபடியில் ராஜஸ்தான் முதலிடத்தில் உள்ளது. உள்ளூரில் விளையும் பார்லி பெரும்பாலும் ஆறு வரிசைக் கதிர் வகை; பெரிய மால்ட் மணி தரும் இரு வரிசை வகைகளை ஹரியாணாவின் கர்னாலில் உள்ள கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி வருகிறது. ஆனாலும், ஸ்டவுட்டுக்குத் தேவையான வறுத்த மால்ட்டைச் சிறு ஆலைகள் பெரும்பாலும் ஜெர்மனி, பெல்ஜியம், பிரிட்டனிலிருந்தே வரவழைக்கின்றன. ஹாப்ஸ் பூவும் அநேகமாக முழுவதும் இறக்குமதிதான். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் விளைந்த ஹாப்ஸ் சாகுபடி நலிந்துவிட்டது. கரும் பீரில் இந்திய மண்ணுக்கு உரியது பெரும்பாலும் காபியும் கோகோவும் தண்ணீரும் மட்டுமே.

மற்றவர் நோயாளி. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலானோரில் 14.6 சதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகக் கூறியது. ஆண்களில் இது 27.3 சதம், பெண்களில் 1.6 சதம். அவர்களில் பெரும் பகுதியினர் குடிப்பது நாட்டுச் சாராயமும் விஸ்கி, பிராந்தி வகைகளும்தான். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் திட்டவட்டமாக அறிவித்தது. கைவினை பீர் என்ற அழகிய பெயர் இந்த உண்மையை மாற்றாது.

ஆனால், இதே புள்ளிவிவரம் வரிக் கொள்கை குறித்து ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. பல மாநிலங்களில் வரி, பானத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவை ஒட்டி அமையவில்லை. மிதமான பீரில் உள்ள ஒவ்வொரு கிராம் ஆல்கஹாலுக்கும் மலிவு விலை விஸ்கியைவிடக் கூடுதல் விலை தர வேண்டியிருக்கிறது. குறைந்த பணத்தில் கூடுதல் போதை என்பதே வாங்குபவரின் கணக்காகிவிடும்போது, நாட்டின் பீர் சந்தையில் பெரும் பகுதியை "ஸ்ட்ராங்" வகை பிடித்திருப்பது இயல்பு. 4 சதம் ஆல்கஹால் கொண்ட, மெதுவாகக் குடிக்க வேண்டிய ஸ்டவுட் மாநகர உயர் வருவாயினரின் பானமாகச் சுருங்குவதும் அதே காரணத்தால்தான்.

பானத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவுக்கேற்ப வரி என்ற கொள்கையை உலகின் பல நாடுகள் ஏற்றுள்ளன. இந்தியாவில் அது பொதுச் சுகாதாரத்துக்கும் உதவும், சிறு ஆலைகளுக்கும் மூச்சுவிட இடம் தரும். தடையாக இருப்பது, கலால் வருவாயில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்ற மாநிலங்களின் அச்சம். 47-ஆவது பிரிவையும் 51-ஆவது இனத்தையும் ஒரே கையில் வைத்திருக்கும் அரசுகள், மக்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதைக் கணக்கிடத் தெரிந்த அளவுக்கு, எதைக் குடிக்கிறார்கள் என்பதைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கினால், வரி விகிதத்தை மாற்றி எழுதுவது அவ்வளவு கடினமான காரியம் அல்ல.